முள்ளுப்புதர வெட்டாம விட்டதால வந்த காடு: நியூசிலாந்து ஹினெவாய், ஒரு நிகழ்வு ஆய்வு

நம்ம ஊர்ல காடு வளர்க்கிறோம்னா முதல்ல ஜேசிபி வரும், இருக்கிற புதரையெல்லாம் வழிச்சு எடுப்பாங்க, குழி தோண்டுவாங்க, கன்னு நடுவாங்க, யாராவது வந்து தண்ணி ஊத்துற போட்டோ பேப்பர்ல வரும். அடுத்த வருஷம் அந்தப் பக்கம் போனா பாதி கன்னு கருகிக் கிடக்கும், மிச்சத்த ஆடு மேஞ்சிருக்கும். இதுக்கு நேர் எதிரா ஒரு வேலைய நியூசிலாந்துல 1987ல ஆரம்பிச்சாங்க. புதர வெட்டல, கன்னும் பெருசா நடல, ஆனா இன்னைக்கு அங்க மூவாயிரம் ஏக்கருக்கு மேல காடு திரும்பி வந்துக்கிட்டிருக்கு. அந்த இடத்தோட பேரு ஹினெவாய். அது எப்படி வேலை செஞ்சுது, எந்த நிபந்தனைல வேலை செஞ்சுது, நம்ம நீலகிரி பழனி பக்கம் அத அப்படியே காப்பி அடிச்சா என்ன ஆகும்னு பாக்கலாம். கடைசி கேள்விதான் எனக்கு முக்கியம், ஏன்னா "இயற்கைய அதுபாட்டுக்கு விடுங்க, எல்லாம் தானா சரியாகிடும்"னு ஷேர் பண்றவங்க எல்லாரும் இந்த இடத்ததான் உதாரணமா காட்றாங்க.

இடம்

நியூசிலாந்து தெற்குத் தீவுல கிரைஸ்ட்சர்ச் நகரத்துக்குப் பக்கத்துல கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்கிற பேங்க்ஸ் தீபகற்பம். அணைஞ்சுபோன பழைய எரிமலைங்க, அதோட வாய்க்குள்ள கடல் புகுந்து உண்டான துறைமுகம்தான் அகரோவா. ஹினெவாய் அந்த ஊருக்குக் கிழக்கால, மலையத் தாண்டி கடல் பக்கம் இறங்குற ஒடானெரிட்டோ பள்ளத்தாக்குல இருக்கு. கிட்டத்தட்ட கடல் மட்டத்துல ஆரம்பிச்சு 800 மீட்டர் உயரம் வரைக்கும் ஏறும். ஒரே பள்ளத்தாக்குல இவ்வளவு உயர வித்தியாசம் இருக்கிறதால, கீழ வளர்ற மரம் வேற, மேல குளிர்ல நிக்கிற மரம் வேற.

மனுஷன் வர்றதுக்கு முன்னாடி இந்த தீபகற்பம் ஏறக்குறைய முழுக்கக் காடு. நியூசிலாந்துப் பூர்வகுடியான மாவோரி மக்கள் வந்து சுமார் 700 வருஷம் ஆகுது, அவங்க காலத்துல தீ வச்சதுல ஒரு பங்கு போச்சு. 1840 ஆகஸ்ட்ல பிரெஞ்சுக்காரங்க ஒரு கப்பல்ல அகரோவால வந்து இறங்கினாங்க (வந்து பாத்தா பிரிட்டிஷ்காரன் முந்திக்கிட்டு கொடிய ஏத்திட்டான், அது தனிக் கதை), அதுக்கப்புறம் ரம்பம் நிக்கவே இல்ல. டோட்டரா, மட்டாய், கஹிகாடியான்னு 500 வருஷம், ஆயிரம் வருஷம் வாழக்கூடிய ஊசியிலை ராட்சச மரங்க அத்தனையும் வீட்டுப் பலகையாவும் வேலிக் கம்பமாவும் போச்சு. மிச்சத்த எரிச்சுட்டு அந்தச் சாம்பல்ல காக்ஸ்ஃபுட்னு ஒரு ஐரோப்பியப் புல்ல விதைச்சாங்க, அதோட விதைய அறுத்து விக்கிறதே ஒரு பெரிய தொழிலா நடந்துச்சு. 1900 வாக்குல பழைய காடு 1 சதவீதம்கூட மிஞ்சல. அறுபது வருஷத்துல முடிஞ்ச கதை.

கோர்ஸ்

அப்புறம் வந்தது கோர்ஸ். ஐரோப்பால இருந்து உயிர்வேலிக்காகக் கொண்டுவந்த முள்ளுச்செடி, பயறு குடும்பம், மஞ்சப் பூ, பூவ மோந்தா தேங்கா வாசனை வரும். இலையே முள்ளாத்தான் இருக்கும், ஜீன்ஸ் போட்டுக்கிட்டு உள்ள போனாலும் குத்தும். 1835லயே டார்வின் நியூசிலாந்து வடக்குல வேலிக்கு கோர்ஸ் நட்டிருந்தத பாத்து எழுதி வச்சிருக்கார். வேலியா வந்தது வேலிய விட்டு வெளிய போயி, செங்குத்தான சரிவுல மாடு ஏறாத இடம், உரம் போடாத இடம், பண்ணை நொடிச்சுப்போன இடம்னு ஒண்ணு விடாம பிடிச்சுக்கிச்சு.

இத ஒழிக்க அங்க விவசாயிங்க படாத பாடு இல்ல. எரிச்சாங்க, வெட்டினாங்க, மருந்து அடிச்சாங்க. பிரச்சனை என்னன்னா இதோட விதை மண்ணுக்குள்ள பத்து இருபது வருஷம் இல்ல, அதுக்கும் மேலயே உயிரோட கிடக்கும். எரிச்சா சூடு பட்டு விதையோட மேல்தோல் வெடிச்சு மொத்தமா முளைக்கும். புல்டோசர் விட்டா மண்ணு புரண்டு கீழ கிடந்த விதைக்கு வெளிச்சம் கிடைக்கும். அடிமரம் வேற மறுபடி தழைக்கும். ஆக ஒவ்வொரு தடவ ஒழிக்கும்போதும் அடுத்த தலைமுறைக்கு இவங்களே நாத்தங்கால் போட்டுக் கொடுத்துக்கிட்டிருந்தாங்க.

1987ல என்ன நடந்துச்சு

ஹியூ வில்சன் ஒரு தாவரவியல் ஆளு. 80கள்ல பேங்க்ஸ் தீபகற்பம் முழுக்க நடந்து, எங்க என்ன செடி இருக்குன்னு சர்வே எடுத்தவர். கார் ஓட்டமாட்டார், சைக்கிள்தான். மாரிஸ் வைட்ங்கிறவர் காசு கொடுத்து ஒரு டிரஸ்ட் அமைச்சாங்க, அந்த டிரஸ்ட் 1987ல 109 ஹெக்டேர், அதாவது நம்ம கணக்குல 270 ஏக்கர் மாதிரி, பண்ணை நிலத்த வாங்குச்சு. வில்சன் அங்கயே குடியேறி மேனேஜரா உக்காந்துட்டார். சில வருஷத்துலயே கீழ இருந்த பக்கத்துப் பண்ணையும் சேர்ந்து ஆயிரம் ஹெக்டேர் அளவுக்கு வந்துச்சு, இப்போ 1,250 ஹெக்டேருக்கு மேல.

கோர்ஸ வெட்டப் போறதில்லன்னு அவர் சொன்னதும் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரங்க கொதிச்சுப் போனாங்க. அவங்கள குத்தம் சொல்லவும் முடியாது, தாத்தா காலத்துல இருந்து அந்த முள்ளோட மல்லுக்கட்டுறவங்க, பக்கத்துல ஒருத்தன் வந்து நான் இத அப்படியே விடப்போறேன்னா எரிச்சல் வராதா.

ஆனா வில்சன் சர்வேல ஒரு விஷயத்த திரும்பத் திரும்ப பாத்திருந்தார். கோர்ஸ் இளசா இருக்கும்போது அடர்த்தியா, உள்ள கை நுழைய முடியாத மாதிரி இருக்கும். பத்து வருஷம் தாண்டினா மேல் பக்கம் மட்டும் பச்சையா இருக்கும், கீழ தண்டு மொட்டையாகி, சாய்ஞ்சு, உள்ள இடைவெளி விழும். அந்த இடைவெளில தவழ்ந்து போய்ப் பாத்தா தரையெல்லாம் காஞ்ச முள்ளுச் சருகு மெத்தை மாதிரி, ஈரமா, இருட்டா, காத்து அடிக்காம இருக்கும். அதுல விரல் உயரத்துக்கு வெளிர்பச்சை இலையோட ஒரு கன்னு நிக்கும், பக்கத்துல இன்னொண்ணு. அது மாஹோய், நியூசிலாந்தோட சொந்த மரம். ஊதா கலர்ல குட்டிக் குட்டிப் பழம் காய்க்கும், பறவைங்க தின்னுட்டு கோர்ஸ் புதர்ல வந்து உக்காந்து எச்சம் போடும். நிழல்ல முளைச்சு நிழல்லயே வளரக்கூடிய ஜாதி. ஆனா கோர்ஸோட சொந்தக் கன்னு அதே நிழல்ல முளைக்காது, முளைச்சாலும் தாங்காது, அதுக்கு முழு வெயில் வேணும்.

இதுதான் மொத்த விஷயத்தோட முடிச்சு. தன் நிழல்ல தன் பிள்ளைய வளர்க்க முடியாத செடி, அந்த நிழல்ல வளரக்கூடிய மரம் வேற. மாஹோய் கோர்ஸ் தலைக்கு மேல எட்டிப் பாத்துட்டா அப்புறம் வெட்டுக்கத்தியே தேவையில்ல, வெயில் கிடைக்காம கோர்ஸ் நின்ன இடத்துலயே செத்துடும். செத்த தண்டெல்லாம் மக்கி உரமாகும். பயறு குடும்பம்ங்கிறதால அது இருந்த காலத்துல மண்ணுல நைட்ரஜன் வேற சேர்த்து வச்சிருக்கும்.

முப்பது வருஷத்துல மாறுனது

மாறின வேகம் எல்லா இடத்துலயும் ஒண்ணு இல்ல. ஓடை ஓரம், பள்ளம், தெற்கு பாத்த சரிவுலதான் காடு சீக்கிரம் மூடுச்சு (அது தெற்கு அரைக்கோளம், அதனால அங்க வடக்கு பாத்த சரிவுதான் வெயில் சரிவு). காஞ்ச முகட்டுல கோர்ஸ் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும். மேல்பக்கத்துல பீச்னு (beech) ஒரு சொந்த மரத்தோட பழைய காட்டுத் துண்டுங்க வெட்டுக்குத் தப்பிக் கிடந்துச்சு, அந்தத் துண்டுங்க விதைக் கிடங்கு மாதிரி.

மாஹோயோட சேர்ந்து வந்தது மர ஃப்யூஷியா. நம்ம ஊட்டித் தோட்டத்துல தொட்டில தொங்குமே ஃப்யூஷியா, அதோட சொந்தக்காரன், ஆனா இது முழு மரம். பட்டை ஆரஞ்சு கலர்ல பேப்பர் மாதிரி உரிஞ்சு தொங்கும். பூ முதல்ல பச்சையா இருக்கும், தேன் சுரக்கிற காலம் முடிஞ்சதும் சிவப்பாகிடும், அதனால பறவைங்க சிவப்புப் பூவ சீண்டாது, நேரா பச்சைப் பூவுக்குத்தான் போகும். மகரந்தம் நீலக் கலர். பெல்பேர்டுன்னு சொல்ற தேன் குடிக்கிற குருவிங்க நெத்தில நீலப் பொடி அப்பிக்கிட்டுத் திரியும், யாரோ விபூதிக்குப் பதிலா நீலம் பூசிவிட்ட மாதிரி.

பறவைங்கள பத்தி தனியா சொல்லணும், ஏன்னா அதுங்க இல்லாம இந்தக் காடு நகராது. கெரரூன்னு ஒரு பெரிய காட்டுப்புறா, பெரிய பழத்த முழுசா முழுங்கி தூரமா கொண்டு போய்ப் போடக்கூடிய பறவை இன்னைக்கு நியூசிலாந்துல கிட்டத்தட்ட அது ஒண்ணுதான், மத்த பெரிய பறவைங்க பல அழிஞ்சுபோச்சு. பெரிய விதை மரங்க தூரம் தாண்டி வரணும்னா கெரரூவோட வயித்துலதான் வரணும். டூயின்னு இன்னொரு தேன்குடிப் பறவை பேங்க்ஸ் தீபகற்பத்துல இல்லாமலே போயிருந்துச்சு, அத 2009லயும் 2010லயும் மாட் தீவுல இருந்து பிடிச்சுட்டு வந்து ஹினெவாய்ல விட்டாங்க. காடு முதல்ல வந்துச்சு, பறவை அப்புறம் திரும்புச்சு.

"சும்மா விட்டாங்க"ங்கிறது பாதிதான் உண்மை

இங்கதான் ஷேர் பண்றவங்க கோட்டை விடுறாங்க. கோர்ஸதான் விட்டாங்க, மத்ததையெல்லாம் விடல.

முதல் வேலை ஆடு, மாட்ட வெளிய தள்ளி வேலி போட்டது. கோர்ஸ்குள்ள முளைக்கிற மாஹோய் கன்ன மாடு சந்தோஷமா திங்கும், அப்புறம் நூறு வருஷம் ஆனாலும் கோர்ஸ் கோர்ஸாத்தான் இருக்கும். காட்டு ஆடு, மான், பன்னி வந்தா சுடுவாங்க. போசம்னு ஒரு மிருகம், தோல் வியாபாரத்துக்காக ஆஸ்திரேலியால இருந்து கொண்டுவந்தது, ராத்திரி மரம் ஏறித் தளிர மொட்டையடிக்கும், ஃப்யூஷியான்னா அதுக்கு உசுரு. வௌவால விட்டா நிலத்துல வாழ்ற பாலூட்டியே சொந்தமா இல்லாத நாடு அது, அதனால அந்த மரங்களுக்கு மேய்ச்சல்ல இருந்து தப்பிக்கிற வித்தையே பெருசா தெரியாது. போசத்துக்குப் பொறி வைக்கிறதும் பிடிக்கிறதும் இத்தன வருஷமா நடக்கிற வேலை.

இன்னொண்ணு, எல்லாக் களையையும் அவங்க ஒரே மாதிரி நடத்தல. கோர்ஸ் வெயில் கேக்குற களை, அத விட்டுடலாம். ஐரோப்பிய சைக்கமோர் மரம் நிழல்லயே முளைக்கும், காட்டுக்குள்ள புகுந்து மாஹோய் தலைக்கு மேல போய் காட்டையே மாத்திடும், அத ஒத்தை ஒத்தையா தேடிக் கொல்லணும். நிழல் தாங்குற மத்த புதர், கொடி, பைன் கன்னு எல்லாத்துக்கும் இதே கதிதான். எது வெளிநாட்டுச் செடி, எது உள்நாட்டுச் செடின்னு மட்டும் பாத்திருந்தா இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது. நிழல்ல அது என்ன பண்ணும்னு கேட்டாங்க.

மூணாவது தீ. கோர்ஸ்ல எண்ணெய்ப் பசை அதிகம், காஞ்சு கிடந்தா பத்திக்கிட்டு எரியும். 2011 ஜூலைல, அங்க அது குளிர்காலம், மின்னல் விழுந்து ஹினெவாய்ல பெரிய தீ. கோர்ஸும் கானுகாங்கிற சொந்த மரமும் நின்ன சரிவுங்கதான் பெருசா எரிஞ்சுச்சு. ஈரமான பள்ளத்துல மாஹோய் காடு மூடின இடத்துக்கு வந்ததும் தீயோட வேகம் குறைஞ்சுச்சு. எரிஞ்ச இடத்துல மண்ணுக்குள்ள காத்துக்கிட்டிருந்த கோர்ஸ் விதை மறுபடி முளைச்சுச்சு, ஆட்டம் முதல்ல இருந்து. அதனால கோர்ஸ் கட்டம்ங்கிறது சூதாட்டம்தான், காடு மூடுற வரைக்கும் இருபது முப்பது வருஷம் தீ வரக்கூடாது.

காசு விஷயமும் சொல்லிடறேன். நிலம் டிரஸ்ட் பேர்ல, என்னைக்கும் காடாவே இருக்கணும்னு சட்டப்படி உடன்படிக்கை போட்டிருக்காங்க. வளர்ற காடு கார்பன் பிடிக்குதுன்னு அரசாங்கத் திட்டத்துல கார்பன் கிரெடிட்டும் (பிடிச்ச கார்பனுக்குக் கிடைக்கிற, விக்கக்கூடிய சான்று) வாங்கினாங்க. கன்னு நடுற செலவு கிடையாதுங்கிறதால இது கட்டுப்படியாச்சு.

வந்தது பழைய காடா?

இன்னும் இல்ல. இப்போ நிக்கிறது இரண்டாம் காடு, மாஹோய் ராஜ்ஜியம். டோட்டரா, மட்டாய் எல்லாம் அடில முளைச்சு, மேல ஒரு மரம் விழுந்து வெளிச்சம் கிடைக்கிற சந்தர்ப்பத்துக்காகப் பல வருஷம் குட்டையாவே நின்னு, அப்புறம் மேல வந்து கூரையத் தாண்டணும். அதுக்குச் சில நூறு வருஷம் ஆகும்.

அதோட கோர்ஸ் வழியா வர்ற காடும் சொந்தச் செடி வழியா வர்ற காடும் ஒண்ணு இல்ல. கோர்ஸ் வராத காலத்துல வெட்டின இடத்த முதல்ல பிடிக்கிறது கானுகாதான். அது சின்ன இலை, காத்துல பறக்குற விதை, நியூசிலாந்தோட சொந்த முன்னோடி மரம், அதுக்கடியில மத்த காடு வளரும். வெலிங்டன், நெல்சன் பக்கம் கோர்ஸ் அடியில வளர்ந்த காட்டையும் கானுகா அடியில வளர்ந்த காட்டையும் ஒப்பிட்டு 2007ல ஒரு ஆய்வு வந்துச்சு. கோர்ஸ் பக்கம் சொந்த இனங்க குறைவு, ஆர்க்கிட், சின்ன இலைப் புதர் மாதிரி சிலது வரவே இல்ல, இரண்டும் வேற வேற திசைல போற மாதிரி இருக்கு, அதனால கானுகாவுக்கு கோர்ஸ் சரியான மாற்று இல்லன்னு அதுல வந்த முடிவு. என் அபிப்பிராயம், இது ஹினெவாயத் தோத்ததா ஆக்கல. அங்க 1987ல கோர்ஸா கானுகாவான்னு தேர்ந்தெடுக்கிற நிலைமையே இல்ல, கோர்ஸ் ஏற்கனவே நின்னுக்கிட்டிருந்துச்சு. ஆனா கானுகா தானா வர்ற இடத்துல, கோர்ஸே போதும்னு விடறது மடத்தனம்.

நம்ம மலைல

இதே கோர்ஸ் நம்ம நீலகிரிலயும் இருக்கு, வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, மேல்மலைப் புல்வெளில பரவிக் கிடக்கு. அப்போ அதையும் விட்டா ஷோலா காடு (மலைப் பள்ளத்துல இருக்கிற சோலைக்காடு) வந்துடுமான்னு ஒரு கேள்வி கண்டிப்பா வரும்.

ஹினெவாய்ல கோர்ஸ் உக்காந்திருந்தது காட்ட அழிச்சுப் போட்ட மேய்ச்சல் நிலத்துல. நீலகிரி மேல்மலைல அது உக்காந்திருக்கிறது, ஆதியில இருந்தே புல்வெளியா இருந்த இடத்துல. நீலகிரில சதுப்பு மண்ண எடுத்து அதுல கார்பன் ஐசோடோப் (புல்லு மக்கின மண்ணா மரம் மக்கின மண்ணான்னு காட்டுற கார்பன் வகைகளோட விகிதம்) பாத்து 1993ல ஆய்வு வெளியிட்டாங்க, கடைசிப் பனியுகத்துல, ஏறக்குறைய 18,000-20,000 வருஷத்துக்கு முன்னாடி, மனுஷன் காட்ட வெட்டுறதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே, அங்க புல்லு ஆண்டுக்கிட்டிருந்துச்சுன்னு தெரிஞ்சுது. தட்பவெப்பம் மாற மாற காடும் புல்லும் ஒண்ண ஒண்ணு தள்ளிக்கிட்டே வந்திருக்கு. குறிஞ்சி பூக்கிறதும், வரையாடு மேயுறதும் அந்தப் புல்வெளிலதான். அங்க முள்ளுப்புதர விட்டு "காடு வரட்டும்"னு உக்காந்தா, நாம அழிக்கிறது அந்தப் பழைய புல்வெளிய.

பழனி மலைல நிலைமை இன்னும் சிக்கல். ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த வாட்டில் மரத்த தோல் பதனிடவும் மரக்கூழுக்கும்னு புல்வெளில ஏக்கர் ஏக்கரா நட்டாங்க. 1973லேருந்து 2014க்குள்ள அங்க இருந்த புல்வெளில மூணுல ரெண்டு பங்கு காலி, சேட்டிலைட் படத்த வச்சு 2018ல ஆய்வே வந்திருக்கு. ஆனா வேடிக்கை என்னன்னா, கொடைக்கானல் பக்கம் பழைய வாட்டில், பைன் தோப்புக்குள்ள போய்ப் பாத்தா ஷோலா மரக் கன்னுங்க தானா வந்துக்கிட்டிருக்கு, பக்கத்துல ஷோலா துண்டு இருந்தா, பறவை இருந்தா, நிழல் இருந்தா. வட்டக்கானல்ல இருந்துக்கிட்டு ஷோலாவக் காப்பாத்துற வேலை பாத்த டான்யா பால்கரும் பாப் ஸ்டூவர்ட்டும் இதத்தான் ரொம்ப வருஷமா சொல்லிக்கிட்டிருந்தாங்க. அந்த மாதிரி தோப்ப மொத்தமா வெட்டினா என்ன ஆகும்னு ஹினெவாய் அக்கம்பக்கத்துப் பண்ணைங்க பாத்தாச்சு. வாட்டில் விதையும் மண்ணுல பல வருஷம் தூங்கும், வெளிச்சமும் சூடும் பட்டா மொத்தமா எழும்பும், உள்ள வந்த ஷோலா கன்னு மட்டும் போகும். அதனால ஷோலா நுழைஞ்சுட்ட தோப்ப விட்டுட்டு, மிஞ்சியிருக்கிற புல்வெளி ஓரத்துல புதுசா நுழையிற வாட்டில் கன்ன சின்னதுலயே பிடுங்குறதுக்கு ஆளும் காசும் போடணும்.

சீமைக்கருவேலத்துக்கும் இது பொருந்துமான்னு கேக்கிறவங்களுக்கு: ராமநாதபுரத்துல மழை கம்மி, மேய்ச்சல் அதிகம், நெத்த ஆடு மாடு தின்னு சாணில விதைய ஊரெல்லாம் போடுது, சொந்த மரத்தோட விதை வர்றதுக்குப் பக்கத்துல காட்டுத் துண்டே இல்லாத இடம் நிறைய. ஹினெவாய்ல சாதகமா இருந்த ஒவ்வொண்ணும் அங்க பாதகமா இருக்கு. ஒரு கண்மாய்க்கரைல முயற்சி பண்ணணும்னா முதல்ல ஆடு போகாம வேலி போடுங்க, பக்கத்துல கோயில்காடு ஏதாவது இருக்கான்னு பாருங்க, வேப்பங்கன்னோ வேற நாட்டுமரக் கன்னோ அந்த நிழலுக்கடியில தானா வருதான்னு ரெண்டு மழைக்காலம் கவனிங்க. வந்தா அந்தக் கன்னுக்கு மேல இருக்கிற கிளைய மட்டும் கழிச்சு விடுங்க. வரலன்னா அங்க காத்துக்கிட்டு இருக்கிறதுல பிரயோஜனம் இல்ல, வெட்டி எடுத்துட்டு நாட்டுமரம் நடவேண்டியதுதான்.